கூலன்ட் டீ நிறத்தில் இருக்கு, மேலே எண்ணெய்ப் படலம்: ஃப்ளஷ் பண்ணினால் போதுமா?

கேள்வி:
1996 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. முந்தைய ஓனர் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். ரிசர்வ் டேங்கில் டீ நிறத் தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் முக்கால் வரை ஏறுகிறது. டிப்ஸ்டிக்கில் (இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் சுத்தம். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டுப் புது கூலன்ட் ஊற்றினால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது சார். முதலில் உள்ளே கலந்தது என்னவென்று பாருங்கள். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள். துரு அடியில் படியும், ஆயில் மேலே நிற்கும். இந்த இன்ஜினில் ஆயில் கூலர் இல்லை, கியரும் மேனுவல். ஆகவே ஆயில் வர ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கணும், ஹெட் கிராக் விட்டிருக்கணும், இல்லையென்றால் துருப் பிடிக்காமல் இருக்க யாரோ கட்டிங் ஆயில் ஊற்றியிருக்கணும்.

டிப்ஸ்டிக் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணீர் பிரஷரைவிட அதிகம், அதனால் ஆயில்தான் முதலில் தண்ணீருக்குள் போகும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி விடாமல் வந்தால் கம்பஷன் கேஸ் (சிலிண்டரில் பெட்ரோல் எரியும் வாயு) தண்ணீருக்குள் கசிகிறது. ரேடியேட்டர் வாயில் வரும் வாயுவை நீல நிற டெஸ்ட் திரவத்தில் விட்டு, திரவம் மஞ்சளாக மாறினால் உறுதி. ஹெட்டைச் சரி செய்யாமல் ஃப்ளஷ் செய்வது வீண் செலவு.

பதில் 2:
கேஸ்கெட் நன்றாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டை (சூடேறினால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றி வைத்துவிட்டு ஹவுசிங்கை மூடுங்கள், அப்போதுதான் முழு ஓட்டம் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு, நுரை வராத டிஷ்வாஷர் மெஷின் பவுடர் 50 கிராம் வெந்நீரில் கரைத்து ஊற்றி, 15 நிமிஷம் ஐடிலில் ஓட்டி, ஆறவிட்டு இறக்குங்கள். துணி சோப்புப் பவுடர் வேண்டாம், நுரை பம்பில் காற்றுப் பூட்டு போடும். படலம் நிற்கும் வரை திரும்பச் செய்யணும்.

அடுத்து துருவுக்கு சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம், 20 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஹெட் அலுமினியம், ஆசிட்டை ராத்திரி விட்டால் அரித்துவிடும். பிறகு சோடா உப்புத் தண்ணீர் ஒரு தடவை, தெளிவாக வரும் வரை நல்ல தண்ணீர். ரேடியேட்டர் அடிக்குழாயை மட்டும் திறந்தால் பிளாக்கில் பழைய தண்ணீர் நிறைய தங்கிவிடும். பிளாக் டிரெயின் பிளக்கையும் திறங்கள், சேறு அங்கேதான் இருக்கும்.

புது கூலன்ட் ஊற்றும்போது ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே தண்ணீர் கலந்தது) வேண்டாம், உள்ளே தங்கிய தண்ணீர் அதை இன்னும் நீர்க்க வைக்கும். மேனுவலில் சொன்ன கொள்ளளவில் பாதிக்குக் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான ஸ்டாண்டர்ட் கிடையாது.

பதில் 3:
இரண்டு விஷயம் சேர்க்கணும். ஆயில் பட்ட ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும், மேல், கீழ் ஹோஸ் இரண்டையும் மாற்றிவிடுங்கள். 0.9 பார் ரேடியேட்டர் மூடி பிரஷரைச் சரியாகப் பிடித்தால் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது, ஸ்பிரிங் தளர்ந்த மூடியாலும் டிராஃபிக்கில் வண்டி சூடாகலாம். மூடியும் புதிதாகப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டாமல் விட்டால் இன்ஜின் சூடேறாது, பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

ஃப்ளஷ் முடிந்தபின் வாட்டர் பம்ப் வீப் ஹோலையும் (பம்ப் சீல் கசிந்தால் தண்ணீர் வெளியே சொட்டும் சின்ன ஓட்டை) கோர் பிளக்குகளையும் (பிளாக்கின் பக்கவாட்டு ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) கவனியுங்கள். துரு அடைத்திருந்த ஓட்டை இப்போதுதான் ஒழுகத் தொடங்கும். முள் இன்னும் ஏறினால் செம்பு ரேடியேட்டரைக் கடையில் டேங்க் பிரித்து ராடு விட்டு சுத்தம் பண்ணுங்கள். பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும். மூடிய கேனில் பிடித்து வையுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள்.