‘இன்டக்‌ஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன? – பேஸ்பால் நூல் விருதுகளை முன்வைத்துச் சில கலைச்சொற்கள்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் நூல்களுக்கும் அவற்றின் ஆசிரியர்களுக்கும் அமெரிக்காவில் வழங்கப்படும் விருதுகளைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘ஹால் ஆஃப் ஃபேம் இன்டக்‌ஷன்’ என்ற ஒரு தொடரில், அதாவது புகழ்பெற்றோரைத் தேர்ந்தெடுத்துப் புகழரங்கத்தில் ஏற்றுவதைக் குறிக்கும் தொடரில், தடுக்கி விழுந்ததைச் சொல்லி, அதற்கு நல்ல தமிழ்ச்சொல் கேட்டுச் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தேன். அதற்கு மூவர் விடை அனுப்பியிருக்கிறார்கள். மூன்றையும் என் மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரில் 1939இல் திறக்கப்பட்ட பேஸ்பால் புகழரங்கத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்கலப் பட்டயம் சுவரில் பதிக்கப்படுகிறது. அந்தப் பட்டயத்துக்கு உரியவரே புகழரங்க உறுப்பினர். பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 1962 முதல் ஆண்டுதோறும் ஓர் எழுத்தாளருக்கு விருதளித்து வருகிறது. அதுவும் அதே புகழரங்கத்தின் விழா நாள்களில்தான் வழங்கப்படுகிறது என்றாலும், அதைப் பெற்றவருக்குப் பட்டயம் கிடையாது. அவர் பெயர் அருங்காட்சியகத்தில் வேறொரு காட்சிப் பகுதியில் இடம்பெறுகிறது. இந்த வேறுபாடு அமெரிக்கச் செய்தித்தாள்களிலேயே அடிக்கடி குழம்பிப்போய், விருது பெற்ற எழுத்தாளரைப் ‘புகழரங்கத்தில் சேர்ந்தவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் நாமும் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் அந்தப் பிழையைக் கலைச்சொல்லாகவே நிலைநிறுத்தியவர்கள் ஆவோம்.

இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ஆட்டத்தின் கணக்கை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கிக் காட்டும் முறையைச் செம்மைப்படுத்திய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தியாளர். ராஜர் ஏஞ்சல் பல்லாண்டுகள் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் பேஸ்பால் கட்டுரைகள் எழுதி அவற்றை நூல்களாகத் தொகுத்தவர். சாட்விக் 1938இல், புகழரங்கம் திறக்கப்படும் முன்பே, பட்டயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏஞ்சலுக்கு 2014இல் எழுத்தாளர் சங்க விருது கிடைத்தது. அச்சங்கத்தின் உறுப்பினராக இல்லாமலேயே அவ்விருதைப் பெற்ற முதல் எழுத்தாளர் ஏஞ்சல்தான். ஆயினும் புகழரங்க உறுப்பினர் என்று சொல்லத்தக்கவர் இவ்விருவருள் சாட்விக் மட்டுமே. இந்த வேறுபாட்டை ஒரு சொற்றொடருக்குள் காட்ட நம் சொல்லால் முடிகிறதா என்பதே என் உரைகல்.

இனி, வந்த விடைகளுக்கு வருகிறேன்.

> “அரங்கம் என்று இருக்கும்போது அரங்கேற்றம் என்பதே இயல்பாகப் பொருந்துகிறது. நூல் அரங்கேறுவது நம் மரபுதானே?”

அம்மையார் சொல்வதில் அழகு இருக்கிறது. நானும் முதலில் மயங்கினேன். ஆனால் இன்றைய வழக்கில் அரங்கேற்றம் என்றால் முதன்முதலாக மேடை ஏறுவது. பரதம் பயின்ற பிள்ளைக்கு அரங்கேற்றம் தொடக்கம். கூப்பர்ஸ்டவுனிலோ இது ஆட்டமெல்லாம் ஆடி ஓய்ந்தபின் வருவது. “சாட்விக் 1938இல் அரங்கேறினார்” என்று எழுதினால், 1908லேயே காலமான மனிதர் முப்பது ஆண்டுகள் கழித்து முதல் கட்டுரை எழுதினார் என்றல்லவா வாசகர் எண்ணுவார்?

> “சேர்க்கை போதும். எளிய சொல் இருக்கப் புதிய சொல் எதற்கு?”

எளிமை குறித்த தங்கள் கவலையை மதிக்கிறேன், ஐயா. ஆயினும் ‘புகழரங்கச் சேர்க்கை’ என்றவுடன் கல்லூரி வாசலில் தொங்கும் ‘மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது’ என்ற பதாகைதான் கண்முன் வருகிறது. விண்ணப்பித்து நுழைவதற்கும் பிறர் தேர்ந்தெடுத்து ஏற்றுவதற்கும் உள்ள தூரம் அச்சொல்லில் இல்லை. பட்டயத்தையே அடியாகக் கொண்டு ‘பட்டயம் பெற்றவர்’ என்று எழுதலாமே என்ற மூன்றாவது கருத்தும் இதனால்தான் நிற்கவில்லை. பட்டயம் என்றால் இன்று பாலிடெக்னிக் படிப்பு.

என் முன்மொழிவு ‘அவையேற்றம்’. ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்பதற்குப் புகழவை, அதில் ஒருவரை ஏற்றுவது அவையேற்றம், ஏற்றப்பட்டவர் அவையேறியவர். தொல்காப்பியப் பாயிரம் ‘நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து’ என்று சொல்லும்போது, தகுதியை ஆராய்ந்து ஏற்கும் சான்றோர் கூட்டம் என்ற பொருள் அவை என்னும் சொல்லில் இருக்கிறது. அரங்கம் என்பதில் பார்வையாளர்தான் முதலில் தெரிகிறார். அவை என்பதில் மதிப்பிடுபவர் தெரிகிறார். சட்டப்பேரவையும் மாநிலங்களவையும் நினைவுக்கு வரும், கூப்பர்ஸ்டவுனில் இருப்பதோ ஒரு கட்டடம் அல்லவா என்று கேட்கலாம். கட்டடத்துக்கும் கூட்டத்துக்கும் அவை என்ற ஒரே பெயர் வழங்குவது நமக்குப் பழக்கமானதுதான். அங்கும் ஆண்டுதோறும் கோடை விழாவுக்கு, உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் ஒரு குழாமாகவே வந்து மேடையில் அமர்கிறார்கள்.

அப்படியானால் ஏஞ்சல் பெற்றதை எப்படிக் குறிப்பது? ஆங்கிலத்தில் அதன் இன்றைய பெயர் ‘கரியர் எக்ஸலன்ஸ் அவார்டு’. ‘வாழ்நாள் சாதனை விருது’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் திரைப்பட விழாக்களில் புழங்கித் தேய்ந்துபோன அத்தொடரில் தொழில் என்ற கூறு காணாமல் போய்விட்டது. ‘பணிச்சிறப்பு விருது’ என்பதே எனக்கு நேராகப் படுகிறது. பெயரைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2021 தொடக்கம் வரை இவ்விருது ‘தி ஸ்போர்ட்டிங் நியூஸ்’ இதழின் வெளியீட்டாளர் ஜே. ஜி. டெய்லர் ஸ்பிங்க்கின் பெயரில் இருந்தது. முதல் விருதைப் பெற்றவரும் அவரே. கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய அணிகளில் சேர்க்காதிருந்த நிலையை ஆதரித்து அவருடைய இதழ் 1942இல் தலையங்கம் எழுதியதைச் சுட்டிக்காட்டி, சங்க உறுப்பினர்கள் வாக்கெடுப்பின் மூலம் அப்பெயரை நீக்கினார்கள். அந்தத் தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனுக்காகப் பேனா பிடித்த கறுப்பினச் செய்தியாளர் வெண்டல் ஸ்மித்துக்கு 1993ஆம் ஆண்டுக்கான விருது ஸ்பிங்க்கின் பெயரில்தான் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால், பெயர் நீக்கத்தின் காரணம் விளங்கும். ஆகவே ‘ஸ்பிங்க் விருது’ என்பதைத் தலைச்சொல்லாக வைக்காமல், பழைய பெயர் என்று ஒருமுறை குறித்து நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இதுவரை சொன்னவை ஆளுக்குத் தரப்படுபவை. தனி ஒரு நூலுக்குத் தரப்படுபவற்றுக்கு ‘நூல்விருது’ என்பதைப் பொதுச்சொல்லாகக் கொள்ளலாம். 1983 முதல் ‘ஸ்பிட்பால்’ என்ற இலக்கிய இதழ் வழங்கிவரும் கேசி விருது ஒரு நூல்விருது. அதன் முதல் ஆண்டுத் தேர்வே ஒரு நாவல். எனவே ‘வரலாற்று நூல் விருது’ என்று சுருக்கிவிடக் கூடாது. இதழின் பெயரை எச்சில் பந்து என்று மொழிபெயர்க்கலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வேண்டாம், வீசுபவர் எச்சில் தடவி எறியும் அந்தப் பந்துக்கு அது சரியான சொல்தான், ஆனால் இதழின் பெயர் பெயராகவே இருக்கட்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது சீமோர் பதக்கம். அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகம், அதாவது சேபர், முந்தைய ஆண்டில் வெளியான சிறந்த பேஸ்பால் வரலாற்று நூலுக்கோ வாழ்க்கை வரலாற்றுக்கோ இதை வழங்குகிறது. 1996இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. ‘சீமோர் பதக்கம் வென்றார்’ என்று தமிழில் எழுதினால், ஓட்டப்பந்தயத்திலோ ஆடுகளத்திலோ வென்றதாகவே பொருள்படும். நம் செய்தித்தாள்கள் பதக்கம் என்ற சொல்லை அந்த அளவுக்கு விளையாட்டுப் பக்கத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டன. ‘நூற்பதக்கம்’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. ‘வென்றார்’ என்பதை ‘பெற்றார்’ என்று மாற்றிவிட்டால் ஐயமே எழாது.

அதைவிடப் பெரிய சிக்கல் சீமோர் என்ற பெயரில் இருக்கிறது. ஹெரால்டு சீமோர் என்ற ஒரே பெயரோடு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1960, 1971, 1990 ஆகிய ஆண்டுகளில் பேஸ்பால் வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. நூலகங்களில் உட்கார்ந்து தரவு திரட்டியதிலும் எழுதியதிலும் அவர் மனைவி டோரதிக்குப் பெரும் பங்கு இருந்தது. கணவரின் நினைவு தளர்ந்தபின் வந்த மூன்றாம் தொகுதியின் எழுத்துச்சுமை பெரிதும் டோரதியின் தோளிலேயே விழுந்தது. தம் பெயரையும் அட்டையில் சேர்க்குமாறு அவர் கேட்டும் கணவர் இசையவில்லை. ஹெரால்டு 1992இல் மறைந்தார். பதிப்பகம் 2010இல்தான் டோரதியை இணையாசிரியராக ஏற்றுக்கொண்டது. ஆனால் பதக்கத்தை நிறுவியபோதே சேபர் இருவர் பெயரிலும்தான் நிறுவியது. சுருக்கமாகச் ‘சீமோர் பதக்கம்’ என்னும்போது ஆங்கிலத்தில் அந்த இரண்டாமவர் மறைந்துபோகிறார். நமக்கு அந்த நெருக்கடி இல்லை: ‘சீமோர் இணையர் நூற்பதக்கம்’ என்று எழுதலாம். மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை நுழைக்கிறீர்கள் என்று யாரேனும் மறுத்தால், பதக்கத்தை நிறுவியவர்களின் நோக்கத்தில் அது இருக்கிறது என்பதே என் விடை.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, என் வரைவிலிருந்து ஒரு பகுதியைத் தருகிறேன்:

“செய்தியாளருள் ஹென்றி சாட்விக் 1938இல் அவையேறியவர். ராஜர் ஏஞ்சல் 2014இல் பணிச்சிறப்பு விருது பெற்றார். எனினும் அவர் அவையேறியவர் அல்லர். டேவிட் சாங் எழுதிய, கறுப்பின ஆட்டக்காரர் ஃப்ளீட் வாக்கரின் வாழ்க்கை வரலாறு 1996இல் சீமோர் இணையர் நூற்பதக்கம் பெற்றது.”

கடைசி வாக்கியத்தில் எழுவாய் ஆசிரியர் அல்லர், நூல் என்பதைக் கவனித்தீர்களா? நூல்விருது வரும் இடமெல்லாம் இப்படியே நூலை எழுவாயாக்கி எழுத வேண்டும் என்ற நடைவிதி ஒன்றையும் கலைச்சொல் பட்டியலின் அடியில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். ‘அவையேறியவர்’ என்பதற்குப் பன்மையில் ‘அவையேறியோர்’ வேண்டுமா, ‘அவையேறியவர்கள்’ போதுமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. இலக்கணம் அறிந்தவர்கள் ஒரு வரி எழுதினால், வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டியலைத் திருத்தி அனுப்பிவிடுவேன்.