சக்கர நாற்காலியில் இருந்து சட்டம் படிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். 2009இல் ஷெல் பட்டு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டதிலிருந்து தங்கச்சிக்குச் சக்கர நாற்காலிதான். உயர்தரம் முடித்துவிட்டாள், சட்டத்தரணியாக வேண்டுமாம். ஊராரின் காணிப் பிரச்சினைக் கடிதங்களை இப்போதே அவள்தான் எழுதிக் கொடுக்கிறாள் (கட்டணம் ஒரு பிளேன்ரீ).

சட்டக் கல்லூரி கொழும்பு புதுக்கடையில். அங்கே தங்கிப் படிப்பது பெரும்பாடு. திறந்த பல்கலைக்கழகச் சட்டமாணி சரிவருமா? படித்தவர்கள் சொல்லுங்கள். படியில்லாத பரீட்சை மண்டபம் கேட்டு வாங்கலாமா?

அப்புறம், அரச வேலைக்கும் விண்ணப்பிக்க நினைக்கிறாள். 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. கடதாசியில் சரி, அப்படி வேலை எடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என்ன மருத்துவச் சான்றிதழ் கொடுத்தீர்கள்?

'பாவம்' என்று மட்டும் எழுதாதீர்கள், அவளும் வாசிப்பாள்.