ஹன்டரை விட்டது சரியா? பிரவுன்ஸ் 2025 டிராஃப்ட்

ஏரிக்கரை ரகு:
அமெரிக்கக் கால்பந்தின் NFL அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் (ஒவ்வொரு தேர்வும் ஒரு பிக்) முடிந்து ஒரு வாரம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 2024-ல் 3 வெற்றி, 14 தோல்வி என்று சீசனை முடித்ததற்கு நம் கிளீவ்லண்ட் பிரவுன்ஸுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் இரண்டாவது பிக். டென்னசி முதல் பிக்கில் கேம் வார்டை எடுத்ததும் டிராவிஸ் ஹன்டர் நமக்குத்தான் என்று துள்ளிக் குதித்தேன். கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவன். கடந்த சீசனில் 96 கேட்ச், 1,258 யார்டு, 15 டச்டவுன். அதே ஆள் மறுபக்கம் எதிரணியின் பாஸைத் தடுக்கும் கார்னர்பேக்காக நின்று 4 இன்டர்செப்ஷன், அதாவது பாஸைப் பறித்தது. அவனை முதலில் பாஸ் பிடிக்கும் ரிசீவராகத்தான் பார்க்கிறோம் என்று பொது மேலாளர் ஆண்ட்ரூ பெரியே டிராஃப்டுக்கு முன்னால் சொல்லியிருந்தார். அமாரி கூப்பரை பஃபலோவுக்கு அனுப்பிய பிறகு ஜெரி ஜூடியை விட்டால் நம்பிப் பந்து போட யார் இருக்கிறார்கள்? அந்த இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துவிட்டு ஐந்துக்கு இறங்கி, டிஃபென்ஸின் முன்வரிசை நடுவில் நிற்கும் ஒரு டிஃபென்சிவ் டேக்கிளை எடுத்திருக்கிறோம். மிச்சிகனின் மேசன் கிரஹாம் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஹன்டர் மாதிரி ஒருவன் எத்தனை டிராஃப்டுக்கு ஒருமுறை வருவான்?

ஆக்ரன் செல்வி:
ரகு, உங்க வருத்தம் புரியுது. ஆனா டிரேடை முழுசா சொல்லுங்க. நாம கொடுத்தது 2, 104, 200-வது பிக். வாங்கினது 5, 36, 126, கூடவே ஜாக்சன்வில்லோட 2026 முதல் ரவுண்ட் பிக். ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி போட்டு 90-கள்ல டல்லஸ்ல உருவான ஜிம்மி ஜான்சன் அட்டவணை இருக்கே, அதை வெச்சுப் பாருங்க. இரண்டாவது பிக் 2,600, 104-க்கு 86, 200-க்கு ஒரு 11. மொத்தம் 2,697. நமக்கு இந்த வருஷம் வந்தது 1,700, 540, 46, மொத்தம் 2,286. குறையுறது 411 புள்ளி. முதல் ரவுண்டோட கடைசி பிக்குக்கே 590 புள்ளி உண்டு. ஜாக்சன்வில் சூப்பர் பவுல் ஜெயிச்சு அந்த பிக் 32-ஆ வந்தாலும் நமக்கு நஷ்டம் கிடையாது.

முனிசிபல் மூர்த்தி:
செல்வி, கணக்கு சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அடுத்த வருடத்து பிக்கை யாரும் இந்த வருட விலைக்கு வாங்குவதில்லை. ஒரு ரவுண்ட் தள்ளித்தான் மதிப்பு போடுவார்கள். அப்படிப் பார்த்தால் அந்த 32 இன்றைக்கு 64-வது பிக்குக்குச் சமம், அதற்கு 270 புள்ளிதான். 411 தேற வேண்டுமானால் ஜாக்சன்வில் ஏறக்குறைய 16-வது இடத்திலோ அதற்கு முன்போ தேர்வு செய்ய வேண்டும். போன வருடம் அவர்கள் 4-13 என்பது உண்மை. ஆனால் அவர்களின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டிரெவர் லாரன்ஸ் ஆடியதே 10 ஆட்டம். அவர் முழு சீசன் ஆடி, கூடவே ஹன்டரும் இருந்தால்? அந்த பிக்கின் விலையை நாமே குறைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. இந்த ஊர் இந்தக் கதையை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2011-ல் ஆறாவது பிக்கை அட்லாண்டாவுக்குக் கொடுத்து ஐந்து பிக் வாங்கினோம். அவர்கள் ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸை எடுத்து பத்து சீசன் வைத்துக்கொண்டார்கள். நமக்கு வந்ததில் 2012 முதல் ரவுண்ட் பிக்கை வைத்து எடுத்தது 28 வயது பிராண்டன் வீடனை. 2014-ல் நான்காவது இடத்தை பஃபலோவுக்கு விட்டோம், அதற்காகக் கிடைத்த 2015 முதல் ரவுண்டில் கேமரன் எர்விங். எண்ணிக்கையில் ஜெயித்தோம், களத்தில் தோற்றோம்.

ஆக்ரன் செல்வி:
சார், நீங்க சொன்ன தள்ளுபடியை ஏத்துக்கிட்டே பேசுறேன். 4-13 டீமோட அடுத்த வருஷ பிக்கை சராசரியா 10, 12-னு வெச்சாலும் 411-ஐ தாண்டிடும். லாரன்ஸ் நல்லா ஆடுவாருங்கறது உங்க ஊகம், ஆட மாட்டாருங்கறது என் ஊகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

வரலாறுன்னா 2016-ஐயும் சேர்த்துப் பேசணும். குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்காக ஃபிலடெல்ஃபியா நம்மகிட்ட வாங்கினதும் இதே இரண்டாவது பிக்தான். அதுல வந்த 2017 முதல் ரவுண்ட் பிக்கை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, அவங்க 2018 பிக்கை வாங்கினோம். அது நாலாவது பிக்கா வந்துச்சு. டென்சல் வார்ட்! இன்னைக்கு வரைக்கும் நம்ம கார்னர்பேக். டிரேடை மட்டும் குறை சொல்றது எனக்குச் சரியா படல. வந்த பிக்கை யார் கையில கொடுக்கறோம்னு பாருங்க.

டாக் பவுண்ட் கார்த்தி:
அதே ஹூஸ்டன் டிரேடில் நாம் விட்டுக்கொடுத்த 12-வது பிக்கில் அவர்கள் எடுத்தது குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை. பிறகு 2022-ல் அதே வாட்சனுக்காக மூன்று முதல் ரவுண்ட் பிக்கும், முழு உத்தரவாதத்தோடு 230 மில்லியன் டாலரும் கொடுத்தோம். இன்றைக்கு இரண்டாவது முறை குதிகால் தசைநார் (அக்கிலிஸ்) கிழிந்து உட்கார்ந்திருக்கிறார். பிக் கணக்கு பார்க்கிறவர்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொலம்பஸ் பாலா:
எல்லாரும் 2-ஐயும் 5-ஐயும் பிடிச்சுத் தொங்கறீங்க. 36-ல யார் வந்தாருன்னு பாருங்க. பந்தை ஏந்தி ஓடுற ரன்னிங் பேக், குவின்ஷான் ஜட்கின்ஸ்! ஜனவரியில நோட்ர டேமுக்கு எதிரா அவர் ஆடின கல்லூரி நேஷனல் சாம்பியன்ஷிப் ஆட்டத்தை நான் நின்னுக்கிட்டே பார்த்தேன். 11 தடவை பந்தை வாங்கி 100 யார்டு, மூணு டச்டவுன். இரண்டாம் பாதி ஆரம்பத்துல அந்த 70 யார்டு ஓட்டம் இருக்கே, முதல் ஆளை உதறின விதத்தைப் பாருங்க, தோளைத் தாழ்த்தி இடிச்சிட்டு, வேகம் குறையாம அப்படியே வெளிப்பக்கம் திரும்புவாரு. நிக் சப்புக்கு அப்புறம் இந்த டீம்ல அப்படி ஓட ஆள் இல்ல. 33-ல கார்சன் ஷ்வெசிங்கர், யுசிஎல்ஏ-ல ஸ்காலர்ஷிப் இல்லாம டீமுக்குள்ள வந்த பையன். 67-ல ஹெரால்ட் ஃபேனின், ஒரே சீசன்ல 117 கேட்ச் பிடிச்ச டைட் எண்ட், அதுவும் நம்ம பக்கத்து பௌலிங் கிரீன்ல இருந்து. எனக்கு இது சமீபத்துல பார்த்த நல்ல டிராஃப்ட்.

முனிசிபல் மூர்த்தி:
பாலா, ஜட்கின்ஸ் பற்றி நீங்கள் சொல்வது அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 126-ல் இன்னொரு ரன்னிங் பேக், டிலன் சாம்சன், எதற்கு? ஏழு பிக். இரண்டு ரன்னிங் பேக், இரண்டு குவார்ட்டர்பேக், ஒரு டைட் எண்ட். ரிசீவர் ஒருவர்கூட இல்லை. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபென்சிவ் டேக்கிள் ஒருவர்கூட இல்லை. நம் டேக்கிள் டவான்ட் ஜோன்ஸ் போன சீசனில் கால் உடைந்து படுத்தவர். பக்கத்தில் நிற்கும் கார்டு பிடோனியோவுக்கு 33 வயது. வாட்சன் போன வருடம் ஆடிய ஏழு ஆட்டத்தில் 33 முறை சாக் ஆனார், அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார். அந்தச் சுவரைக் கட்டாமல் பின்னால் யாரை நிறுத்தினாலும் அடிதான் வாங்குவார். ஹன்டரை விட்டதைவிட எனக்கு இதுதான் பெரிய குறை.

டாக் பவுண்ட் கார்த்தி:
பின்னால் நிற்கப் போகிறவரைப் பற்றி யாரும் பேசவில்லையே! 144-ல் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ். கொலராடோவில் போன சீசன் 74 சதவீத பாஸ் சேர்ந்தது. முதல் ரவுண்டில் போவார் என்று மாதக்கணக்காகச் சொல்லப்பட்டவர். அவருக்காக சியாட்டிலுக்கு நாம் கொடுத்தது 166, 192 இரண்டும்தான். ஐந்தாம் ரவுண்ட் விலைக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் வேண்டாம் என்று எந்த அணி சொல்லும்?

ஏரிக்கரை ரகு:
கார்த்தி, எல்லா அணியும் சொல்லியது. ஐந்து குவார்ட்டர்பேக் அவருக்கு முன்னால் போனார்கள். அதில் ஒருவரை, டில்லன் கேப்ரியலை, 94-ல் எடுத்ததே நாம்தான். நம் ஆட்களே சாண்டர்ஸை விட்டு கேப்ரியலை எடுத்துவிட்டு, அடுத்த நாள் திரும்பி வந்து சாண்டர்ஸையும் எடுத்திருக்கிறார்கள். இதில் என்ன திட்டம் இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள், மனதாரக் கேட்கிறேன்.

டாக் பவுண்ட் கார்த்தி:
திட்டம் இதுதான். 1999-ல் அணி திரும்பி வந்ததிலிருந்து 40 குவார்ட்டர்பேக் தொடங்கியிருக்கிறார்கள். ஒரே ஆளை நம்பி எல்லாவற்றையும் வைத்து இரண்டு முறை அழிந்தோம், ஒன்று மான்சியல், இன்னொன்று வாட்சன். இப்போது குறைந்த விலையில் இரண்டு பேரை எடுத்து மோதவிடுகிறார்கள். யார் தேறினாலும் லாபம்.

முனிசிபல் மூர்த்தி:
தம்பி, மோதவிட பந்து வேண்டும். பயிற்சியில் எத்தனை ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்பு) இருக்கிறது? குவார்ட்டர்பேக் ஃபிளாக்கோ 40 வயதில் வந்திருக்கிறார், கென்னி பிக்கெட்டை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வாங்கியிருக்கிறோம். முதல் அணியோடு ஆடும் ஸ்னாப் பெரும்பாலும் அவர்களுக்குப் போகும். மீதியை இரண்டு புதுமுகங்கள் பங்குபோட வேண்டும். சாண்டர்ஸ் பந்தைக் கையில் அதிக நேரம் வைத்திருப்பவர். 2023-ல் கொலராடோவில் 52 சாக். அதைத் திருத்த வேண்டுமானால் தினமும் தன்னைக் காக்கும் நல்ல லைனுக்குப் பின்னால், நல்ல டிஃபென்ஸுக்கு எதிராக ஆட வேண்டும். ஓரத்தில் நின்று திருத்த முடியாது. கேப்ரியலுக்கும் அதே கதி. அவர் சீக்கிரம் பந்தை விடுகிறவர், ஆனால் உயரம் ஆறடி இல்லை. லைனுக்கு மேலே பார்க்கப் பழக நேரம் வேண்டும். இருவரில் ஒருவரை எடுத்து, 144-ல் ஒரு டேக்கிளை எடுத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

கொலம்பஸ் பாலா:
சார், ஐந்தாம் ரவுண்ட் டேக்கிள் முதல் வருஷமே எத்தனை பேர் ஆடறாங்க? அந்த இடத்துல குவார்ட்டர்பேக்குக்கு முயற்சி பண்றதுல தப்பு இல்லன்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு பேருக்கும் நேரம் கிடைக்காதுங்கறது சரிதான். பிக்கெட்டை வேற எங்கயாவது அனுப்பினா பிரச்சினை பாதி தீரும்.

ஆக்ரன் செல்வி:
எனக்கு 94, 144 ரெண்டுமே பெரிய விஷயமா தெரியல. 2026-ல நமக்கு ரெண்டு முதல் ரவுண்ட் பிக் இருக்கு. வாட்சனுக்குக் கொடுத்த மூணு போனதுக்கப்புறம் இப்பதான் கையில ஏதோ சேர்ந்திருக்கு. இவங்க ரெண்டு பேரும் தேறலைன்னா அடுத்த வருஷம் மேல ஏறிப் போய் ஒரு நல்ல குவார்ட்டர்பேக்கை எடுக்க அதுதான் பலம். ஹன்டரை எடுத்திருந்தா அவருக்குப் பந்து போட ஆளும் இல்லாம, ஆளை வாங்க பிக்கும் இல்லாம நின்னிருப்போம்.

ஏரிக்கரை ரகு:
அக்கா, அந்த வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஆனால் நம் டிஃபென்ஸின் நட்சத்திரம் மைல்ஸ் கேரட்டை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லி டிரேட் கேட்டார். மார்ச்சில் 160 மில்லியனுக்குக் கையெழுத்து வாங்கினோம். டிசம்பரில் அவருக்கு 30 வயது. 2026-ல் எடுக்கும் பையன் பழகி நிமிர 2027, 2028 ஆகும். அதுவரை கேரட் ஒவ்வொரு ஞாயிறும் தன்னைத் தடுக்கும் இரண்டு ஆளை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஆக்ரன் செல்வி:
அந்த இரண்டாவது ஆளை எடுக்கத்தானே கிரஹாம். மிச்சிகன் ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்க, பள்ளியில மல்யுத்தம் பண்ணினவர்ங்கறது கை வைக்கிற இடத்துலயே தெரியும். எதிர்ல தடுக்க நிக்கிற கார்டோட மார்புல கையை வெச்சதும் ஆள் நகர முடியாது. நடுவுல அவர் தள்ளினா, குவார்ட்டர்பேக் முன்னால ஏறித் தப்பிக்க முடியாது, வெளிப்பக்கம் கேரட் நிப்பாரு. இது 2028 கதை இல்ல ரகு, இந்த செப்டம்பர்லயே நடக்கும்.

ஏரிக்கரை ரகு:
நடக்கட்டும், முதல் ஆளாக நானே எழுந்து கத்துவேன். ஆனால் அந்த 2026 பிக்கைக் குவார்ட்டர்பேக் தவிர வேறு யாருக்காவது செலவழித்தால் இந்த டிரேடை நான் மன்னிக்கப் போவதில்லை.