ஒரு ராத்தல் அரிசி

மேலூரிலிருந்து:

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நான் போனது எங்கள் ஊர்க் கண்மாய் விஷயமாக. கலுங்கு, அதாவது நிரம்பிய கண்மாயிலிருந்து உபரித் தண்ணீர் வெளியேறும் வழி, அதன் பாத்தியம் யாருக்கு என்று பக்கத்து ஊரோடு எங்களுக்கு நெடுநாள் தகராறு. பழைய காகிதம் ஏதாவது சிக்குமா என்று தேடினேன். கண்மாய் சிக்கவில்லை, 1877-ஆம் வருஷத்துப் பஞ்சக் கடிதங்கள் சிக்கின.

‘தாது வருஷப் பஞ்சம்’ என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கே அது காதுவழி வந்த கதைதான். காகிதத்தில் அது கவர்னருக்கும் மேலிடத்துக்கும் நடந்த சண்டையாக இருந்தது. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு (கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவரேதான்) 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்கிறார். சர்க்கார் வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது என்கிறார் வைஸ்ராய் லிட்டன். எல்லாம் பாராவுக்கு நம்பர் போட்டு, ‘தங்கள் பணிவுள்ள ஊழியன்’ என்று முடித்துத்தான். சென்னை, பம்பாய் கவர்னர்களுக்கு மட்டும் லண்டனில் இருந்த ‘இந்திய மந்திரி’க்கு (இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி) நேராகவே எழுதும் உரிமை இருந்தது. அதனால் வைஸ்ராய்க்கு இவர்மேல் எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும் என்பது என் கணக்கு.

செலவைக் குறைக்க லிட்டன் அனுப்பிய ஆள் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள். (நம்மூரில் டெம்பிள் என்றால் ஆட்டோக்காரர் நேரே மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.) நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் முடிவு செய்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் விடவில்லை. ஒன்றரை ராத்தலாவது வேண்டும், அதோடு பருப்பு, காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். மார்ச்சில் சென்னை அரசு பாதி தூரம் இறங்கிவந்து, 570 கிராம் தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று உயர்த்தியது.

ஊருக்குத் திரும்பியதும் அடுப்படித் தராசில் அந்த ஒரு ராத்தல் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நிறையவே தெரிந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு வரும். டெம்பிள் சொன்னதில் தப்பில்லையோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. திண்ணையில் இருந்த அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “காலையிலேருந்து களை வெட்டிட்டு வர்றவளுக்கா? கறி, கொழம்பு ஒண்ணுமில்லாம வெறுஞ்சோறா? மத்தியானத்துக்கே காணாதுடா” என்றார். மேசையில் வைத்துப் பார்த்தால் அது நிறையத்தான் தெரியும். அந்த ஆளும் மேசையில் வைத்துத்தான் பார்த்திருப்பார்.

கம்பத்திலிருந்து:

அண்ணே, உங்கள் கண்மாய்க்குப் பெரியாறு தண்ணீர் வருகிறது என்றால் அதற்கும் இந்தப் பஞ்சத்துக்கும் சம்பந்தம் உண்டு. பல காலம் கிடப்பில் கிடந்த அணைத் திட்டம் பஞ்சத்துக்கு அப்புறம்தான் வேகம் பிடித்தது. அணைக்கான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த 1886 அக்டோபர் 29 ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை நான் படித்திருக்கிறேன். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய், 999 வருஷம். ஒரு தரப்பு திருவிதாங்கூர் மகாராஜா. மறு தரப்பு சென்னை கவர்னர் என்று நினைத்திருந்தேன், இந்திய மந்திரி என்று இருந்தது! 1895-இல் திறந்துவைக்க மட்டும் கவர்னர் வென்லாக் வந்தார்.

சிம்மக்கல்லிலிருந்து:

அந்தப் பஞ்சத்தில் வடக்கு ஆவணி மூல வீதியில் குஞ்சரம் என்ற தாசி, சொத்தையெல்லாம் விற்று ஊருக்கே கஞ்சி ஊற்றினார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நீங்கள் பார்த்த காகிதக் கட்டுகளில் அந்தம்மா பெயர் எங்காவது வந்ததா?

மேலூரிலிருந்து:

நான் புரட்டிய வரைக்கும் இல்லை. ஆகஸ்டில் கவர்னர் தலைமையில் கூட்டம் போட்டு லண்டன் மேயருக்குத் தந்தி கொடுத்து நன்கொடை கேட்ட கதை வரைக்கும்தான் வந்தேன், அதற்குள் அறையைப் பூட்டும் நேரமாகிவிட்டது. அடுத்த மாதம் கண்மாய்க்காக மறுபடி போகிறேன். பார்த்துச் சொல்கிறேன்.