கீழே விரிப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

சாட்ஸ்வொர்த் ஆசிரியை, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஜூலைக் குளிர்கால விடுமுறையில் டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துக்கு இரண்டு இரவு அழைத்துச் செல்கிறோம். கூடாரத்தில்தான் படுக்கை. என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று தமிழில் நான்கு பக்கக் குறிப்பு எழுதி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். கூடாரம், கம்பளித் தொப்பி, கைவிளக்கு எல்லாம் எழுதியாயிற்று. ஒரே ஒரு பொருளில் சிக்கிக்கொண்டேன். தூங்கும் பைக்குக் கீழே, தரைக்கு மேலே விரிக்கிறோமே, சுருட்டி எடுத்துப் போகும் நுரை விரிப்பு, அதற்குத் தமிழில் என்ன?

இங்கே தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் 'மேட்' என்கிறார்கள். வாசலில் கால் துடைப்பதும் மேட்தான். சென்ற ஆண்டு 'மேட் கொண்டு வரவும்' என்று எழுதியதால், ஒரு தாய் குளியலறை விரிப்பை மடித்துக் கொடுத்தனுப்பினார். அவர்மேல் தவறில்லை, எழுதியது நான். அவருடைய மகள் அதிகாலை மூன்று மணிக்கு என் கூடாரத்துக்கு வந்து, "டீச்சர், மேலே சூடாக இருக்கிறது, கீழே குளிர்கிறது" என்றாள். அவள் படுத்திருந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். பையின் மேல்பக்கம் இட்லி போல உப்பியிருந்தது. இடுப்பும் தோளும் அழுந்திய கீழ்ப்பக்கம் அப்பளமாகத் தட்டையாகிச் சில்லிட்டுக் கிடந்தது. என் விரிப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, முதுகுப்பைமேல் உட்கார்ந்தே விடிய வைத்தேன். வெளியே புல்லெல்லாம் உறைபனி.

இந்த ஆண்டு அப்படி நடக்கக் கூடாது. அந்தப் பொருளின் பெயரும், கடைகளில் அதன்மேல் 'ஆர்-மதிப்பு' என்று போட்டிருக்கும் எண்ணுக்கு ஒரு பெயரும் வேண்டும்.

ஜோகானஸ்பர்க் பொறியாளர், செவ்வாய் காலை

அம்மா, இரண்டாவது கேள்வி எளிது. மின்சாரத்துக்கு மின்தடை என்றால் வெப்பத்துக்கு வெப்பத்தடை. 'வெப்பத்தடை எண்' என்று எழுதுங்கள். இந்த ஒப்புமை பெயரளவில் நிற்பதல்ல. தொடராக இணைத்த மின்தடைகளைக் கூட்டுவது போலவே, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த விரிப்புகளின் வெப்பத்தடையையும் கூட்டலாம். சாதாரண நுரை விரிப்பின் எண் ஏறக்குறைய 2. இரண்டை அடுக்கினால் 4. உறைபனித் தரையில் படுக்க அந்த 4 வேண்டும். விலையுயர்ந்த ஒன்றை வாங்க முடியாத குடும்பம் மலிவான இரண்டை வாங்கலாம் என்று குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். படுக்கும் விரிப்புகளில் அச்சிடுவது அமெரிக்க அலகு. நம் நாட்டில் கூரைக்குப் போடும் வெப்பக்காப்புப் பஞ்சில் இருப்பது மெட்ரிக் அலகு. மெட்ரிக் அலகில் 1 என்பது அமெரிக்க அலகில் 5.68. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பிவிடக் கூடாது. இந்த எண்ணை அளக்க 2018இல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற தரமுறை வரும்வரை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்துகொண்டிருந்தது. இப்போது மேலே ஒரு சூடான தகடு, கீழே ஒரு குளிர்ந்த தகடு, நடுவில் காற்றடித்த விரிப்பு என்று ஒரே முறையில் அளக்கிறார்கள்.

அந்தக் குழந்தைக்கு நேர்ந்ததன் காரணத்தையும் எழுதுங்கள். பையிலுள்ள பஞ்சு சூடு தருவதில்லை. அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடற்சூட்டை வெளியே விடாமல் வைக்கிறது. உடல் எடை அழுத்தும் இடத்தில் அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. பிறகு உடலுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருப்பது வெறும் துணி. பொருளுக்குப் பெயர் என்றால், என் பரிந்துரை 'தரைக்காப்பு'.

பிரிட்டோரியா உறுப்பினர், செவ்வாய் மதியம்

அண்ணா, நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் கடத்தி, காவலி என்று இரண்டே சொல்தான். கடத்துவது கடத்தி, கடத்தாமல் காப்பது காவலி. தமிழ்நாட்டில் இதை 'அரிதிற் கடத்தி' என்று வளைத்துச் சொல்கிறார்கள். 'வெப்பக் காவலி' என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் பிடிபடும். ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதி வரும் சொல் இருக்கும்போது எதற்குப் புதிதாக ஒன்று?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் இரவு

அன்புடையீர்,

'தரைக்காப்பு' என்பதை நான் ஏற்க மாட்டேன். முழங்கால் காப்பு முழங்காலைக் காக்கிறது. அந்த வழியில் தரைக்காப்பு தரையைக் காப்பது ஆகும். புதுச் சிமெண்டுத் தளத்தின்மேல் விரிக்கும் தாளுக்கு அந்தப் பெயர் பொருந்தும். தீக்காப்பு என்கிறோமே என்று பொறியாளர் கேட்பார். அங்கே தீயிலிருந்து காத்தல் என்று ஐந்தாம் வேற்றுமை விரிகிறது. வெப்பக்காப்பு என்றால் வெப்பத்தைக் காத்தல், அது இரண்டாம் வேற்றுமை. உருபு மறைந்த தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் முன்பே சொல்லி வைத்திருக்கிறது. நல்ல கலைச்சொல் அந்த மயக்கத்துக்கு இடம் தரக் கூடாது.

'காவலி' அழகான சொல். ஆனால் ஒரு நெடில் கூடினால் 'காவாலி' ஆகிவிடும். அச்சகத்தில் ஒரு கால் தவறி விழுந்தால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்?

நம்மிடம் இதற்கு ஈராயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது: சேக்கை. 'சே' என்றால் தங்குதல், உறங்குதல். பறவை ஒடுங்கும் கூட்டுக்கும் சேக்கை என்றே பெயர். புறநானூற்று 50ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள். வெறுமையாக இருந்த முரசுகட்டிலில் அறியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார் மோசிகீரனார். அந்தக் குற்றத்துக்கு வாளை ஓங்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறியை எடுத்து வீசினான். அந்தப் படுக்கையைப் புலவர் எப்படிச் சொல்கிறார்? 'எண்ணெய் நுரை முகந்தன்ன மென்பூஞ் சேக்கை'. எண்ணெயின் நுரையை முகந்து வைத்தது போன்ற படுக்கை! நுரையையும் சேக்கையையும் அவர் அன்றே சேர்த்து வைத்துவிட்டார். 'நுரைச்சேக்கை' என்று எழுதுங்கள். இதைவிடப் பொருத்தமான சொல்லை யாரும் எனக்குக் காட்ட முடியாது.

கேப் டவுன் மாணவர், புதன் காலை

ஐயா, பாட்டு அருமை. ஆனால் இந்தக் குறிப்பைப் படிக்கப் போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தமிழ் படிக்கும் பிள்ளைகள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை. வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள். அவர்கள் வாயில் மிச்சமிருக்கும் தமிழ்ச் சொற்களோடு புதுச்சொல் ஒட்ட வேண்டும். பாய் தெரியும், போர்வை தெரியும். சேக்கை என்று எழுதினால் அகராதியைத் தேட மாட்டார்கள், பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நான் மலை ஏறுகிறவன். பொருளைத் தெரியாமல் விட்டுவிட்டு மலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'நுரைப்பாய்' அல்லது 'அடிப்பாய்' போதும்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை, புதன் இரவு

தம்பி சொன்ன இரண்டையும் இன்று மாலை பலகையில் எழுதிக் காட்டினேன். 'அடிப்பாய்' என்றதும் முன்வரிசைப் பெண் "யாரை, டீச்சர்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. 'நீ அடிப்பாய், நீ படிப்பாய்' என்று போன வாரம்தான் எதிர்காலம் நடத்தினேன். நுரைப்பாயும் அப்படியே வினையாக நிற்கிறது. விரிப்பாய், சுருட்டுப்பாய் என்று போட்டுப் பார்த்தேன். விரிப்பாய் வினையாகிவிட்டது. சுருட்டுப்பாய் தப்பித்தது, ஆனால் ஒரு பையன் அதைத் தாத்தா புகைக்கும் சுருட்டோடு சேர்த்துக்கொண்டான்.

சேக்கையையும் எழுதினேன், ஐயா. பறவைக் கூடு என்று விளக்கியதும் முகங்கள் மலர்ந்தன. எழுதச் சொன்னபோது பாதிப் பேர் 'சேர்க்கை' என்று எழுதினார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழாசிரியர், வியாழன் காலை

முன்னிலை ஒருமை விகுதி அப்படி இடறும் என்பதை நானே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பாய் என்ற பெயருக்கு முன்னால், எதிர்காலத்தில் 'ப்ப்' எடுக்கும் வினையடி எது வந்தாலும் இந்தத் தொல்லை உண்டு. கோரைப்பாய் ஏன் தப்பிக்கிறது? 'கோரைத்தல்' என்று வினை இல்லை. ஆகவே பெயரடி வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே பதிய விரும்புகிறேன். ஆண்டாள் பாடும் 'மெத்தென்ற பஞ்ச சயனத்தின்' ஐந்து குணங்களாக உரைகாரர்கள் அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்று எண்ணுகிறார்கள். படுக்கைக்குக் குளிர்ச்சி ஒரு சிறப்பு! வெயில் நாட்டில் பிறந்த மொழி நம்முடையது. 'தண்' என்றால் நமக்கு அருள், கருணை, தண்ணளி. கீழிருந்து வரும் குளிரைப் பகையாகக் கருதும் படுக்கைச் சொல் நம்மிடம் ஏன் இல்லை என்பதற்கு விடை இதுதான். அதனால்தான் எந்தப் பழஞ்சொல்லை எடுத்தாலும் ஒரு புதுப்பொருளை ஏற்றியே ஆக வேண்டியிருக்கிறது.

ஜோகானஸ்பர்க் பொறியாளர், வியாழன் மதியம்

ஐயா, 'கீழிருந்து வரும் குளிர்' என்று நீங்களுமா எழுதுகிறீர்கள்? குளிர் வருவதில்லை. சூடுதான் போகிறது. பெயரில் 'குளிர்தடுப்பு' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். குளிர் ஏறி வருகிறது என்று நினைக்கும் பிள்ளை, வெறும் காற்றடித்த மெத்தை உயரமாக இருப்பதால் போதும் என்று முடிவு செய்யும். அது தவறு. உள்ளே இழையோ மினுக்குத் தாளோ இல்லாத மெத்தையில், உடலடியில் சூடான காற்றும் தரையோரக் குளிர்ந்த காற்றும் கலந்து சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிடும். காற்று அசையாமல் நிற்க வேண்டும். நுரையின் குமிழ்கள் ஒன்றோடொன்று திறக்காமல் மூடியிருப்பதன் பயன் அதுதான். அப்படிப்பட்ட நுரை நீரையும் குடிக்காது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.025, நீருடையது சுமார் 0.6. விரிப்பு நனைந்தால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும்.

டோங்காட் மூத்த உறுப்பினர், வியாழன் இரவு

பிள்ளைகளா, எனக்கு இலக்கணம் அவ்வளவு வராது. எங்கள் பாட்டி கரும்புத் தோட்ட லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், வாழ்ந்தவர். சிமெண்டுத் தரை. ஜூன் மாதம் பிறந்தால், காய்ந்த கரும்புச் சோகையைக் கைநிறைய அள்ளிக் கோணிச்சாக்கில் திணித்து, வாயைச் சணல் கயிற்றால் தைத்துப் பாய்க்கு அடியில் போடுவார். முதல் இரவு படுத்தால் சரசரவென்று பேசும். ஒரு வாரத்தில் அமுங்கிப்போகும். அமுங்கியதும் பிரித்து உதறிப் புதுச் சோகை வைப்பார். பொறியாளர் தம்பி காற்று நிற்க வேண்டும் என்று எழுதியதைப் படித்தபோது, பாட்டி ஏன் உதறினார் என்பது இந்த வயதில் விளங்கியது. "மேலே நாலு போர்த்தினாலும் கீழே ஒன்று வேண்டும்" என்பார். அந்தச் சாக்குக்குத் தனிப் பெயர் கிடையாது. "கீழே போடுகிறது" என்றுதான் சொல்வோம்.

பக்கத்து வீட்டு ஜூலு அம்மா தன் பாயை 'இசான்சி' என்பார். நடுவில் வருவது நாவை முன்பல்லில் ஒட்டி இழுத்து எழுப்பும் ஒலி, நம் எழுத்தில் பிடிபடாது. நம் கோரைப்பாய்க்குச் சகோதரி போல இருக்கும். பாய் என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் புரியும். அதனால் 'கீழ்ப்பாய்' என்று வைத்தால் என்ன?

பிரிட்டோரியா உறுப்பினர், வெள்ளி காலை

டோங்காட் ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. காவலியை விட்டுக்கொடுக்க மனம் இல்லை. ஆனாலும் கீழ்ப்பாய்க்கு என் வாக்கு. பொருளை விளக்கும் இடத்தில் 'இது ஒரு வெப்பக் காவலி' என்று ஒரு வரி போடுங்கள், அக்கா.

கேப் டவுன் மாணவர், வெள்ளி காலை

கீழ்ப்பாய். வினையாக மயங்காது, பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல், விரிக்கும் இடத்தையும் சொல்கிறது.

ஜோகானஸ்பர்க் பொறியாளர், வெள்ளி மதியம்

வெப்பத்தைப் பற்றிப் பெயரில் ஒன்றும் இல்லையே என்பது என் குறை. தார்ப்பாயைக் கீழே போட்டாலும் கீழ்ப்பாய்தான். ஈரத்தைத் தடுப்பதும் சூட்டைத் தடுப்பதும் வேறு வேறு வேலைகள். இருந்தாலும் நேரம் இல்லை. வெப்பத்தடை எண்ணை அடுத்த வரியிலேயே போடுவதானால் ஒத்துக்கொள்கிறேன்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை, வெள்ளி மாலை

அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். இறுதி வடிவம் இது: "கீழ்ப்பாய்: தூங்கும் பைக்கு அடியில் விரிக்கும் நுரைப் பாய். இது ஒரு வெப்பக் காவலி. வெப்பத்தடை எண் 4 இருக்க வேண்டும். 2 உள்ளவை இரண்டை அடுக்கலாம். தார்ப்பாயும் குளியலறை விரிப்பும் இதற்கு ஈடாகா." பக்கத்தில், கோணிச்சாக்கில் சோகை திணிக்கும் பாட்டியின் படத்தை ஒரு மாணவி வரைந்து தந்தாள். அதையும் சேர்த்துவிட்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழாசிரியர், வெள்ளி இரவு

பெரும்பான்மை முடிவை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. 'கீழ்' என்பது இடத்தைச் சொல்கிறது, தொழிலைச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கான பதிப்பு என்றாவது வந்தால் நுரைச்சேக்கையை மறுபடி எடுத்து வைப்பேன். 'தூங்கும் பை'யும் எனக்கு உறுத்துகிறது. தூங்குதல் என்றால் பழந்தமிழில் தொங்குதல். மரத்தில் கட்டித் தொங்கவிடும் பை என்று படுகிறது. துயிற்பை என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா என்று அச்சகத்தில் கேளுங்கள், அம்மா. மாற்ற முடியாவிட்டால் 'கீழ்ப்பாய்' என்பதில் 'ப்' விடுபடாமல் இருக்கிறதா என்றாவது மெய்ப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.