புரொபேஷன், பரோல்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

> இரண்டுக்குமே ‘நன்னடத்தை விடுதலை’ என்று போட்டுவிடலாமே, எதற்கு இவ்வளவு இழுபறி?

தமிழில் எழுதும்போது அப்படிப் போட முடியாது ஐயா. அமெரிக்க மாநில வழக்குகளில் இரண்டும் வேறு வேறு கைகளில் இருக்கிற விஷயம். புரொபேஷன் என்பது நீதிபதி விதிக்கிற தண்டனையேதான். மாநிலச் சிறைக்கு அனுப்பாமல், அலுவலரிடம் ஒழுங்காக வந்து நில், அனுமதி இல்லாமல் மாநிலத்தை விட்டுப் போகாதே, போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் கொடு என்று நிபந்தனைகளோடு வெளியே விட்டுவைப்பது. பரோல் அப்படியில்லை. ஆள் சிறைக்குப் போய் ஒரு பகுதியைக் கழித்த பிறகு மிச்சத்தை வெளியே கழிக்க விடலாமா என்று ஒரு குழு தீர்மானிப்பது. நியூயார்க்கில் ‘15 ஆண்டு முதல் ஆயுள் வரை’ என்று தீர்ப்பானால், 15 முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் கதவு திறக்காது. குழு முன்னால் பேச வேண்டும், மறுத்துவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு 24 மாதம் வரை ஆகலாம்.

நிபந்தனையை மீறினாலும் வழி வேறு. புரொபேஷனில் மறுபடி நீதிபதி முன்பு நிறுத்துவார்கள். பரோலில் பெரும்பாலும் பரோல் அமைப்பே விசாரித்து உள்ளே அனுப்பிவிடும். சும்மா அனுப்பக்கூடாது, விசாரணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பரோலுக்கு 1972-இலும் புரொபேஷனுக்கு 1973-இலும் தனித்தனியாகத்தான் தீர்ப்புச் சொன்னது.

‘பரோல்’ என்றே விடலாம் என்பவர்களுக்கு: நம் செய்தித்தாள்களில் பரோல் என்றால் வீட்டு விசேஷத்துக்கோ சாவுக்கோ சில நாள் வந்துவிட்டுத் திரும்பும் சிறை விடுப்பு. ‘நிபந்தனை விடுதலை’ என்றால் நிபந்தனை ஜாமீன் நினைவுக்கு வரும். ‘தகுதிகாண் காலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அரசு ஊழியர்கள் யாராவது படித்தால் நமக்கும் அரியர் கிடைக்குமா என்று கேட்பார்கள்.

என் முன்மொழிவு: புரொபேஷன் ‘கண்காணிப்புத் தண்டனை’, பரோல் ‘மீதிக்காலக் கண்காணிப்பு’. முதலில் ‘மீதிக்கால விடுதலை’ என்றுதான் யோசித்தேன், ஆனால் மீதியைத் தள்ளுபடி செய்ததுபோல ஒலிக்கிறது. சிறைத் தண்டனையை முடித்த பின்பும் தொடரும் கண்காணிப்பு ஒன்று இருக்கிறதே, 1987 நவம்பர் முதல் தேதியிலிருந்து நடந்த குற்றங்களில் பரோல் எடுக்கப்பட்டுவிட்டதால் அமெரிக்க மத்திய (ஃபெடரல்) நீதிமன்றங்கள் விதிப்பது, அதை ‘பின்கண்காணிப்பு’ என்று பிரித்துவிடலாம். வர்ஜீனியா மாதிரி சில மாநிலங்களும் பரோலைக் கைவிட்டுவிட்டதால் இந்த மூன்றாவதும் நமக்குத் தேவைப்படும்.

அப்புறம், பரோலே கிடையாத ஆயுள் தண்டனைக்கு என்ன சொல்வது? ‘மீதிக்காலக் கண்காணிப்புக்கு இடமில்லாத ஆயுள் தண்டனை’ பொருளில் சரி, தலைப்பில் அடங்காது. ‘மீளா ஆயுள்’ எப்படி? மேல்முறையீட்டில் மீள வழி இருக்கிறதே என்று வக்கீல் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், வாருங்கள்.