பவளத்தை வெளிச்சத்துக்குப் பழக்குவது: ஒரு சொல்லா, இரண்டா?

வணக்கம்.

கடல்நீர்த் தொட்டிக் கையேட்டில் ‘போட்டோஅக்ளிமேஷன்’ இரண்டு பொருளில் வருகிறது. வெளிச்சம் மாறும்போது பவளத் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே பாசிகள் தம் நிறமிகளைக் கூட்டிக் குறைப்பது ஒன்று. தொட்டி வைத்திருப்பவர் விளக்கைப் படிப்படியாக ஏற்றுவது மற்றொன்று. வரைவில் இரண்டுக்கும் ‘ஒளித் தகவமைப்பு’ என்றே இருக்கிறது. பொருந்துமா?

---

> ஒளித் தகவமைப்பு

பொருந்தாது. தலைமுறைகள் கடந்து மரபில் நிலைக்கும் மாற்றத்தைத்தான் பாடநூல்கள் தகவமைப்பு என்கின்றன. இங்கே மாறுவது அதே பவளம், சில நாள்களிலும் வாரங்களிலும். மங்கிய வெளிச்சத்தில் பாசியின் பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் கூடும், பவளம் பழுப்பேறும். பலத்த வெளிச்சத்தில் அவை குறைந்து, மிகை ஆற்றலை வெப்பமாகக் கழிக்கும் நிறமிகள் கூடும். பழைய வெளிச்சத்துக்குத் திரும்பினால் பாசியும் திரும்பும். ‘ஒளியிணக்கம்’ என்பேன்.

---

நாற்றங்காலில் நாற்றை வெயிலுக்குப் பழக்குவதைச் சொல்வதுபோல் ‘வன்மைப்படுத்தல்’ என்றால் எளிதில் புரியுமே?

---

> வன்மைப்படுத்தல்

அது ஒரு திசையை மட்டுமே காட்டும். 300 மைக்ரோமோல் ஒளிச்செறிவில் (சதுர மீட்டருக்கு, நொடிக்கு) இருந்த அக்ரோபோரா பவளத்தை 80க்கு இறக்கினாலும் இணக்கம் தேவை. அங்கே ஆபத்து ஒளி போதாத பட்டினி, அது மெல்ல வரும். ஏற்றும்போது வரும் கேடு சில நாள்களிலேயே தெரிந்துவிடும்.

ஒளியிணக்கம் எனக்குச் சம்மதம், ஆனால் பவளத்தின் வேலைக்கு மட்டும். நம் வேலைக்குத் தனிச்சொல் வேண்டும். ஒரே சொல்லாக இருந்தால், விளக்கைப் படிப்படியாக ஏற்றும் நிரல் முடிந்ததும் பவளமும் இணங்கிவிட்டது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

டி5 குழல் விளக்கிலிருந்து எல்இடிக்கு மாறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விளக்கைக் கழற்றும் முன், பவளம் இருக்கும் இடத்திலேயே பார் மீட்டரை (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் கருவி) வைத்து அளக்க வேண்டும். 120 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். புது விளக்கு அதே இடத்தில் 120 காட்டும் அளவுக்குக் குறைத்துத் தொடங்க வேண்டும், அது எத்தனை சதவீதமானாலும் சரி. இலக்கு 240 என்றால் வாரத்துக்கு 15 கூட்டி 8 வாரத்தில் எட்டலாம். லக்ஸ் மீட்டர் இதற்கு உதவாது: அது மனிதக் கண்ணுக்கு ஏற்ப அளப்பது, நீல எல்இடியைக் குறைத்தே காட்டும். கண்ணும் அப்படித்தான் ஏமாறும். பலர் பவளத்தைச் சுட்டுவிடுவது இங்கேதான்.

மங்கலாக்க முடியாத விளக்கானால் பிளாஸ்டிக் கொசுவலையை மூன்று நான்கு மடிப்பாக மேலே விரித்து, வாரம் ஒரு மடிப்பாக எடுக்கலாம். உலோக வலை வேண்டாம், துரு நீரில் இறங்கும். எரியும் நேரத்தை மட்டும் குறைப்பது போதாது. உச்சி நேரச் செறிவு அப்படியே இருப்பதால் பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு அப்போதும் சேதப்படும்.

---

> நம் வேலைக்குத் தனிச்சொல்

பழகு தன்வினை, பழக்கு பிறவினை. ஆகவே பவளத்துக்கு ‘ஒளிப்பழகல்’, நமக்கு ‘ஒளிப்பழக்கல்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு ‘க்’ அச்சில் விழுந்தால் பொருளே மாறிவிடும். அதனால் பவளம் செய்வது ஒளியிணக்கம், நாம் செய்வது ஒளிப்பழக்கல். ‘ஒளிப்பழக்கம்’ வேண்டாம், வழக்கம் என்ற பொருள் முந்திக்கொள்ளும்.

கூடவே இன்னொரு சோடியும் பிரித்தாக வேண்டும். நிறம் சற்று இளகி, பாலிப்புகள் (பவளத்தின் சிறு உயிரிகள்) வழக்கம்போல் விரிந்திருந்தால் அது ‘வெளிர்தல்’, இணக்கத்தின் பகுதி. பாசியே வெளியேறி, கண்ணாடிபோன்ற திசு வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரிந்தால் ‘வெளுப்பு’. வெளிர்தல் மேற்புறத்தில் மட்டும் வேகமாகப் பரவினாலோ பாலிப்புகள் பகலில் மூடிக்கிடந்தாலோ முந்தைய படிக்கு இறக்கி இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். கையேட்டில் இரண்டையும் ‘நிறமிழப்பு’ என்று எழுதியிருப்பது ஆபத்து, படிப்பவர் எப்போது விளக்கைக் குறைப்பார்?

---

ஏற்கிறேன். நைட்ரேட் பூஜ்யத்தில் இருக்கும் தொட்டியில் வாரத்துக்கு இதே 15 மைக்ரோமோல் ஏற்றுவதுகூடப் பவளத்தின் ஒளியிணக்கத்தை மிஞ்சிவிடும். பாசிக்கு நிறமி கட்ட நைட்ரஜன் வேண்டும். ஒளிப்பழக்கல் பதிவில் நீர்ச்சோதனையை முதல் வரியாகச் சேர்த்துத் திருத்திய வரைவை அனுப்புகிறேன்.